ஐந்தாண்டும் இரண்டு நாளும்

கோடை விடுமுறை நெருங்கும் மாதங்களில் ரயில்வே குமாஸ்தா ஒருவரின் வீட்டு வாசலுக்குத் தனிக் களை வந்துவிடும். ஜாதவ்பூரிலும் லேக் மார்க்கெட் பக்கத்திலும் உள்ள நம் தமிழ்க் குடும்பங்கள், ஊருக்குப் புறப்படும் நாளிலிருந்து பின்னோக்கி 60 நாளை எண்ணத் தொடங்கிவிடும். முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாக 2024 நவம்பரில் குறைக்கப்பட்டதல்லவா? கீழ்ப்படுக்கை கிடைக்குமா, ஷாலிமாரில் ஏறுவதா ஹௌராவில் ஏறுவதா, காத்திருப்போர் பட்டியலில் உள்ள எண் தேறுமா என்னும் கேள்விகளுக்கு விடை சொல்லி நமக்கு வாய் பழகிவிட்டது. ஆனால் இம்முறை வந்த ஒரு கேள்விக்கு அப்படி உடனே விடை கூற இயலவில்லை.

கேட்டவன் ஒன்பதாம் வகுப்பு மாணவன். மாயவரத்தை அடுத்த கிராமத்தில் அவனுடைய பாட்டி வீட்டில் ஒரு நாய் இருக்கிறது. அதைக் குட்டியாகத் தூக்கி வந்து வளர்த்தவன் அவனே. தந்தைக்குக் கல்கத்தாவில் வேலை கிடைத்துக் குடும்பம் புறப்பட்டபோது, நாய் பாட்டியிடம் நின்றுவிட்டது. நான்கு ஆண்டுகள் ஆயின. “அது என்னைத் தெரிந்துகொள்ளுமா, மாமா?” என்று கேட்டான்.

இப்பகுதியில் வழக்கமாகப் பயணச்சீட்டு, பள்ளிச் சேர்க்கை, ரேஷன் அட்டை ஆகியவற்றைப் பற்றியே எழுதி வருகிறோம். இம்மாதம் நாயைப் பற்றி எழுதுவதைப் பெரியோர் பொறுத்தருள்க. கேட்டவன் சிறுவனாயினும் கேள்வி சிறிதன்று. பிழைப்பை நாடி வந்த நம்மவர் பலரின் வீட்டுத் திண்ணையில் இப்படியொரு ஜீவன் பின்தங்கியிருக்கிறது.

இந்த ஐயத்தை வேண்டுமென்றே சோதித்துப் பார்த்து எழுதி வைத்தவர் ஒருவர் உண்டு. அவர் சார்லஸ் டார்வின். பீகிள் என்னும் கப்பலில் ஏறுவதற்காக 1831 அக்டோபர் தொடக்கத்தில் அவர் வீட்டை விட்டார். கப்பல் இங்கிலாந்துக் கரையை நீங்கியது டிசம்பர் 27-ல். உலகைச் சுற்றிவிட்டு 1836 அக்டோபர் 2-ல் ஃபால்மத் துறைமுகத்தில் வந்திறங்கி, வீட்டை நோக்கி விரைந்தார். வீட்டில் அயலாரைக் கண்டால் சீறும் முரட்டு நாய் ஒன்று அவருக்கு இருந்தது. பிரிந்து சரியாக ஐந்தாண்டும் இரண்டு நாளும் கழிந்திருந்தன. அதன் ஞாபகத்தைச் சோதிக்க எண்ணிய டார்வின், அது இருந்த குதிரை லாயத்தின் அருகே சென்று, தாம் பழைய நாளில் கூப்பிடும் விதமாகவே குரல் கொடுத்தார். நாய் துள்ளவில்லை; சந்தோஷத்தின் அடையாளம் எதனையும் காட்டவில்லை. ஆனால் அக்கணமே எழுந்து அவர் பின்னே உலாவப் புறப்பட்டது. அரைமணிக்கு முன்புதான் பிரிந்தவர்போல, அவர் சொற்படி நடந்தது. 1871-ல் வெளியான தமது நூலில் டார்வின் இதனைக் குறித்துள்ளார்.

நாய் மறக்கவில்லை என்பதைவிட, அது துள்ளவில்லை என்பதே நம் மனத்தில் தைக்கிறது. கைப்பேசியில் நாள்தோறும் வந்து விழும் காட்சிகளில், போர்முனையிலிருந்து மீளும் வீரன்மேல் நாய் பாய்ந்து விழுந்து புரளுகிறது. அவற்றைக் கண்டு பழகிய பிள்ளைகள் தம் நாயும் அப்படியே செய்யும் என்று எதிர்பார்த்துப் போகிறார்கள். அது மெல்ல எழுந்து வந்து காலடியில் படுத்துக்கொண்டால், மறந்துவிட்டது என்று முகம் வாடுகிறார்கள். டார்வினுடைய நாயின் கதையை அவர்களுக்குச் சொல்லி அனுப்புதல் நலம்.

மனிதரை நாம் முகத்தால் அறிகிறோம். நாய்க்கு மூக்கே பெரிய சாட்சி. பெல்ஃபாஸ்ட் நகரத்துக் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் ஹெப்பர் என்பார், குட்டிப் பருவத்தில் தாயைப் பிரிந்த நாய்களை இரண்டு ஆண்டு கழித்துச் சோதித்தார். வாடை படிந்த துணியை மட்டும் முன்னே வைத்தபோது, பிள்ளை தாயை அறிந்தது. தாயும் பிள்ளையை அறிந்தது. உடன்பிறந்த குட்டிகளோ, வேறொரு உடன்பிறப்போடு கூடி வளர்ந்தாலன்றி, ஒன்றையொன்று அறியவில்லை. இது 1994-ல் வெளியான ஆய்வு. பின்னர் அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தார் 12 நாய்களை மூளையைப் படமெடுக்கும் கருவிக்குள் விழித்திருக்கும்போதே அசையாமல் படுக்கப் பழக்கி, பல வாடைகளைக் காட்டினர். நன்மை வரும் என்று எதிர்பார்க்கும்போது கிளர்ச்சியுறும் மூளைப்பகுதி, பழகிய மனிதரின் வாடைக்கே மிகுதியாக அசைந்தது. அம்மனிதரோ அப்போது அந்த இடத்திலேயே இல்லை. 2022-ல் ஜப்பானின் அஸபு பல்கலைக்கழகத்தார் கண்டது இன்னும் வியப்பானது. சில மணி நேரம் பிரிந்திருந்த எஜமானர் திரும்பி வந்ததும் நாயின் கண்ணில் நீர் சற்றே மிகுந்தது. பழகிய வேறொருவர் வந்தபோது அவ்வாறு மிகவில்லை. இவை சில மணி நேரப் பிரிவையும் இரண்டாண்டுப் பிரிவையும் பற்றிய சோதனைகள். பத்தாண்டுக் கணக்கைக் கேட்டால் நாம் கவிஞரிடம் போக வேண்டியதுதான்.

கிரேக்க மகாகவி ஹோமர் பாடிய ஒடிஸி காவியத்தில் ஆர்கஸ் என்றொரு நாய் வருகிறது. அதைக் குட்டியிலிருந்து வளர்த்தவன் ஒடிஸியஸ் மன்னன். அதனோடு வேட்டையாடி மகிழ்வதற்கு முன்பே அவன் டிராய் நகரத்துப் போருக்குப் போய்விட்டான்; மீண்டது இருபது ஆண்டு கழித்து, அதுவும் பிச்சைக்காரன் வேடத்தில். அரண்மனை வாசலில், கோவேறு கழுதைச் சாணமும் மாட்டுச் சாணமும் குவிந்த எருமேட்டின்மேல், உண்ணி மொய்க்கக் கிடந்தது ஆர்கஸ். மன்னனை மற்றவர் அறியாதிருக்க நாய் அறிந்தது. வாலை அசைத்தது, காதுகளைத் தாழ்த்தியது, எழுந்து வர வலுவில்லை. வேடம் கலைந்துவிடும் என்று அஞ்சி மன்னனும் அதை நெருங்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு உள்ளே சென்றான். நாய் அங்கேயே உயிர் விட்டது. எந்த நாய் இருபது ஆண்டு காத்திருக்கும் என்று கேட்கலாம். காவியத்துக்கு அவ்வளவு சலுகை உண்டு.

இக்கதையைச் சொல்லுகிறவர்கள் எல்லாரும் நாயின் விசுவாசத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். நமக்கோ அந்த எருமேடுதான் கண்ணை விட்டு அகலவில்லை. வேட்டைக்குப் பேர்போன நாய் ஏன் எருமேட்டில் கிடக்க வேண்டும்? எஜமானன் ஊரில் இல்லை, பணிப்பெண்கள் கவனிக்கவில்லை என்று மன்னனோடு வந்த பன்றி மேய்ப்பவன் காவியத்திலேயே கூறுகிறான். போனவன் போனபின் சோறிட ஆளில்லை. திரும்பி வந்து காணும் அந்த ஒரு நிமிஷத்தை உலகம் பாடுகிறது. இடையிலே கழிந்த நாட்களோ, அவற்றில் யாராவது வட்டிலில் கஞ்சி ஊற்றினார்களா இல்லையா என்பதைப் பொறுத்தவை.

நம் சங்கத்து அன்பர் ஒருவர் கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கிராமத்தைச் சேர்ந்தவர். இங்கே தனியார் அலுவலகத்தில் கணக்கராக இருக்கிறார். 2019 பொங்கலுக்கு ஊர் சென்று மீண்டவருக்கு அடுத்த ஆண்டு போக வழியில்லை. 2020 மார்ச்சில் பயணிகள் வண்டிகளே நின்றுவிட்டன. அதற்கடுத்த ஆண்டு இரண்டாம் அலை. 2022 ஏப்ரலில்தான் மறுபடியும் ஊர் மண்ணை மிதித்தார். அவருடைய நாய் மணியைத் தமக்கையார் வைத்திருந்தார். அன்பர் தெருமுனையில் பெட்டியோடு திரும்பியதும், வேப்பமரத்தடியிலிருந்த மணி எழுந்து நின்று அந்நியனைக் குரைப்பதுபோலவே குரைத்தது. அன்பருக்குக் கால் ஓடவில்லை. காற்று எந்தப் பக்கம் திரும்பிற்றோ, குரைப்பு நடுவிலே அறுந்தது. மூக்கை உயர்த்திற்று. வயிறு தரையில் படும்படி தாழ்ந்து தாழ்ந்து வந்து முதலில் செருப்பையும், பிறகு பெட்டியையும், கடைசியில் உள்ளங்கையையும் முகர்ந்தது. அதன்பின் அது எழுப்பிய ஓசையை வேறு எந்த நாயிடமும் தாம் கேட்டதில்லை என்று அன்பர் கூறுவார். வீட்டைச் சுற்றி மூன்று முறை ஓடிற்று. ஓடி முடித்து அவரிடம் வரவில்லை. அடுப்படியில் இருந்த தமக்கையாரிடம் போய், அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது. சேதி சொல்ல வந்தாற்போல.

இதுவரை அன்பர் பலமுறை பலரிடம் சொல்லிய கதைதான். பிற்பகுதியை அவர் அதிகம் சொல்லுவதில்லை. இருபது நாள் விடுப்பு முடிந்தது. நாய் பின்தொடரும் என்று அஞ்சி, விடியற்காலை நான்கு மணிக்கு அதை மாட்டுக் கொட்டிலில் கட்டிவிட்டு, ஓசைப்படாமல் பஸ் ஏறினார். கல்கத்தா வந்து சேர்ந்ததும் தமக்கையார் தொலைபேசியில் பேசினார்.

“நீ வந்துட்டுப் போனா ஒனக்குச் சந்தோஷம், தம்பி. இது நாலு நாளா வாசலை விட்டு நகரலை. கஞ்சி ஊத்துனாத் தொடமாட்டேங்குது. ராத்திரியெல்லாம் நான்தான் பக்கத்துல உக்காந்து கெடக்கேன். நீ வராமலே இருந்தாக்கூட இது பாட்டுக்கு இருந்துக்கிடும்.”

அன்பர் மாதந்தோறும் தமக்கைக்குப் பணம் அனுப்புகிறவர்தாம். ஆனால் அதில் நாயின் பங்கு என்று ஒன்றை அவர் நினைத்ததே இல்லை. ஆண்டுதோறும் வெறிநாய்க்கடித் தடுப்பூசிக்காக அந்த அம்மாள் அதைப் பகிர்வு ஆட்டோவில் ஏற்றிக் கால்நடை மருந்தகம் வரை கொண்டுபோய் வருகிறார் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. நாய்க்கு இடம் தரமாட்டேன் என்று ஆட்டோக்காரர் மறுத்தால், இரண்டு ஆள் கூலி கொடுப்பாராம்.

இங்கே நம் வங்காளத்து எழுத்தாளர் சரத்சந்திரரை நினையாதிருக்க முடியவில்லை. அவர் தம் இறுதி ஆண்டுகளில் வாழ்ந்த வீடு அசுவினி தத்தர் சாலையில் இருக்கிறது, ஜாதவ்பூரிலிருந்து தூரமில்லை. உடல் தேறுவதற்காகத் தேவ்கரில் தங்கியிருந்த நாட்களைப் பற்றி அவர் ஒரு நினைவுக் கட்டுரை எழுதியுள்ளார். உலாவப் போகும் வழியில் கூட வந்த தெருநாய் ஒன்றை அவர் அதிதி என்றே அழைத்தார். வேலையாட்கள் விரட்டினாலும் அது அவரைத் தேடி வந்தது. புறப்படும் நாளில் ரயில் நிலையம் வரை வந்து, மூட்டைகளுக்கிடையே ஓடியாடிக் காவல் புரிந்தது. கூலி வாங்கியவர் எல்லாரும் வாங்கிச் சென்றனர். ஒன்றும் பெறாதது அதிதி மட்டுமே. வண்டி நகர்ந்தது, நாய் நிலைய வாயிலுக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. பூட்டிய வாயிலின் முன் அது போய்க் காத்திருக்குமே என்பதுதான் வீடு திரும்பும் அவருடைய எண்ணமெல்லாம். சரத்சந்திரர் அந்நாயை மறுபடியும் கண்டாரா என்பது கட்டுரையில் இல்லை. கண்டதாக எழுதியிருந்தால் இத்தனை காலம் அது நம்மை உறுத்தியிராது.

ரயில் நிலையமும் நாயும் என்றவுடன் ஜப்பானியரின் ஹாச்சிகோ நினைவுக்கு வரும். தோக்கியோ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் உயேனோ 1925 மே மாதத்தில் பணியிடத்திலேயே மூளையில் இரத்தக் கசிவால் இறந்தார். அவருடைய நாய் ஏறக்குறைய பத்தாண்டுகள் ஷிபுயா நிலையத்துக்கு வந்து வந்து பார்த்தது. 1935 மார்ச் 8-ல் இறந்தது. எல்லாரும் அறிந்த கதை. நம் தொழிலைச் சேர்ந்தவர்கள் அறிந்து வெட்கப்பட வேண்டிய பகுதி ஒன்று அதில் உண்டு. முதல் சில ஆண்டுகள் நிலையத்து ஊழியர்களே அந்நாயைத் தொல்லையென்று விரட்டினர், அடித்தனர். 1932 அக்டோபரில் அஸாஹி நாளிதழில் அதைப் பற்றிக் கட்டுரை வந்த பிறகே அதற்குத் தீனியும் மரியாதையும் கிடைத்தன. 1934-ல் நிலைய வாசலில் சிலையும் வைத்தார்கள். அது போர்க்காலத்தில் உருக்கப்பட்டு, 1948-ல் புதிதாக வைக்கப்பட்டது. நமக்குப் பிடித்தது அதுவன்று. நாய் இறந்து எண்பது ஆண்டு நிறைந்த 2015 மார்ச் 8-ல், தோக்கியோ பல்கலைக்கழக வளாகத்தில் வேறொரு சிலை திறந்தார்கள். அதிலே பேராசிரியர் திரும்பி வந்திருக்கிறார்; நாய் பின்காலில் நின்று அவர்மேல் தாவுகிறது.

நாய்க்குக் கல் நாட்டியவர்கள் ஜப்பானியர் மட்டுமல்லர். திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று உள்ளது. தொறுப் பூசலில் வீழ்ந்த வீரனின் உருவத்தோடு அவன் நாயின் உருவமும் அதில் செதுக்கப்பட்டுள்ளது. கள்ளர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற அந்த நாயின் பெயர் கோவிவன் என்றும் எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாயின் பெயர் கல்லேறியிருக்கிறது என்றால், அவ்வூரார் அதை யாரோ ஒருவனுடைய நாய் என்று எண்ணவில்லை.

இனி நம் மாணவனுக்கு விடை. தம்பி, அது உன்னை அறியும் என்றே நம்புகிறோம். ஆனால் நான்காண்டில் உன் குரல் உடைந்துவிட்டது; உயரமும் ஏறிவிட்டது. டார்வின் தம் பழைய குரலில் கூப்பிட்டார். உனக்கு அந்த வசதி இல்லை. ஆகவே ஓடிப்போய்க் கட்டிப் பிடிக்காதே. சற்றுத் தொலைவில் தரையில் உட்கார். அதுவாக வந்து முகரட்டும். குரைத்தால் பாட்டியை அருகில் நிற்கச் சொல். அது முதலில் பாட்டியின் முகத்தைப் பார்த்தால் வருந்தாதே. நீ இல்லாத நான்காண்டும் அதற்குச் சோறு அந்த முகத்திலிருந்துதான் வந்தது.

அடுத்த கேள்வியையும் நாம் அறிவோம்: கையோடு கல்கத்தாவுக்குக் கொண்டுவந்துவிடலாமா? ரயிலில் வழி உண்டு. முதல் வகுப்பு ஏ.ஸி.யில் இரண்டு படுக்கை அறையையோ நான்கு படுக்கை அறையையோ முழுவதும் நமக்கே ஒதுக்கிக்கொண்டால் நாய் கூட வரலாம். இல்லையேல் கார்டு வண்டியில் உள்ள நாய்ப் பெட்டியில் ஏற்ற வேண்டும். இரண்டாம் ஏ.ஸி., மூன்றாம் ஏ.ஸி., ஸ்லீப்பர் வகுப்புகளில் அனுமதி இல்லை. பார்சல் அலுவலகத்தில் முன்னதாகவே சென்று, தடுப்பூசிச் சான்றைக் காட்டிக் கட்டணம் செலுத்த வேண்டும். வழியில் தண்ணீரும் தீனியும் கொடுப்பது உடைமையாளர் பொறுப்பு. நாயை விட்டுச் சொர்க்கம் புக மாட்டேன் என்ற தருமபுத்திரர் கதையை நம் கூட்டங்களில் உருக்கமாகச் சொல்லுகிற அன்பர்கள் பலர் உண்டு. பார்சல் அலுவலக வரிசையில் அவர்களை நாம் கண்டதில்லை.

ஆயினும் வயது முதிர்ந்த நாயைக் கொண்டுவரச் சொல்ல நமக்கு மனம் வரவில்லை. சென்னையிலிருந்து ஏறக்குறைய 1,660 கிலோமீட்டர். ஒரு பகலும் ஓர் இரவும் இரும்புப் பெட்டிக்குள், கோடை வெயிலில். வந்து சேர்ந்த இடமோ மூன்றாம் மாடியில் இரண்டறை வீடு. கீழே தெருவில் லாலு, பூலு, காலு என்று பெயர் பெற்ற பாடாவின் நாய்கள், புதிதாய் வந்த தமிழ் நாயை எல்லைக்குள் விடமாட்டா. வயல் வரப்பில் திரிந்த பிராணிக்கு நம் அன்பைத் தவிர இங்கே கிடைப்பது அதிகமில்லை. இளங்குட்டியானால் பழகிக்கொள்ளும், அது வேறு.

நாயின் ஆயுள் பத்து, பன்னிரண்டு ஆண்டு. மூன்றாண்டுப் பிரிவு நமக்கு ஒரு வேலை மாற்றம், ஒரு வாடகை ஒப்பந்தம். அதற்கோ வாழ்நாளில் நான்கில் ஒரு பங்கு. கணக்கு எழுதிப் பிழைக்கும் அந்தக் கோவில்பட்டி அன்பர் இந்தக் கணக்கைத் தாமே போட்டு நம்மிடம் காட்டினார். மணிக்கு இப்போது வயது பத்தை நெருங்குகிறது, முகவாய் நரைத்துவிட்டது, ஒரு காது கேட்பதில்லையாம். சென்ற மாதம் தமக்கையார் அவரிடம் இரண்டு நிபந்தனைகள் விதித்தாராம். வந்தால் நாற்பது நாளாவது இருக்க வேண்டும். போகும்போது நாய்க்குத் தெரியாமல் ஒளிந்து போகக் கூடாது, அதனிடம் சொல்லிக்கொண்டே போக வேண்டும். பணத்தைப் பற்றி அந்த அம்மாள் பேசவே இல்லை.

அன்பர் நாற்பது நாள் விடுப்புக்கு மனுச் செய்திருக்கிறார். இருபத்தைந்து நாளுக்கு மேல் கிடைப்பது அரிது என்று அலுவலகத்தில் சொல்லுகிறார்களாம். போகும் பயணத்துக்கு மே மாதம் 9-ஆம் தேதிக்குச் சீட்டு எடுத்துக் கொடுத்துவிட்டோம். திரும்பும் சீட்டை எடுக்க வேண்டாம், பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிச் சென்றிருக்கிறார்.